ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் டெஸ்ஃபோர்டு: ஒன்றோடு நின்றுபோன பயிற்சி விமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் என்றால் ஸ்பிட்ஃபயர், லங்காஸ்டர் என்று போர் விமானங்களின் பெயர்கள்தான் முதலில் வரும். அவற்றை ஓட்டியவர்கள் எதில் பழகினார்கள், போர் முடிந்தபின் அடுத்த தலைமுறையை எதில் பழக்க நினைத்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத கதை. அதில் ஒரு சின்ன விமானத்துக்கு எனக்குத் தனி இடம் உண்டு. அதைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

டெஸ்ஃபோர்டு எந்த மாதிரியான விமானம்?

இரட்டை என்ஜின் கொண்ட இலகு ரகப் பயிற்சி விமானம். இங்கிலாந்தின் ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் நிறுவனம் செய்தது. நிறுவனம் வைத்த எண் ஆர்.எஸ்.3. உடல் மரம். முனைக்கு முனை இறக்கை சுமார் 34 அடி. ஒவ்வொன்றும் 130 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஜிப்ஸி மேஜர் என்ஜின்கள். அதிக வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில். முதன்முதலாகப் பறந்தது 1945 ஜூலை 9. செய்யப்பட்டது ஒன்றே ஒன்று.

ரீட் அண்ட் சிக்ரிஸ்ட்டா? அப்படி ஒரு விமான நிறுவனத்தைக் கேள்விப்பட்டதே இல்லையே?

விமான நிறுவனம் என்று அதைச் சொல்வதே கொஞ்சம் பொருந்தாது. அதன் தொழில் விமானக் கருவிகள். 1920களின் பிற்பகுதியில் ஜார்ஜ் ரீட் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி தொடங்கினார். கூட்டாளியாகச் சேர்ந்தவர் ஃபிரெட் சிக்ரிஸ்ட். இந்தச் சிக்ரிஸ்ட் சாதாரண ஆள் இல்லை. விமான உற்பத்தியாளர் டாமி சாப்வித்திடம் மெக்கானிக்காக இருந்து, முதல் உலகப் போரில் புகழ்பெற்ற சாப்வித் விமானங்களின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். 1920இல் ஹாக்கர் விமான நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவர்.

அவர்களுடைய முக்கியச் சரக்கு, விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் கருவி. இதன் அருமை மேகத்துக்குள் போனவருக்குத்தான் தெரியும். வெளியே தரையோ அடிவானமோ தெரியாதபோது மனிதனின் உள்காது பொய் சொல்லும். விமானம் மெல்லச் சரிந்து வட்டமடித்துக்கொண்டிருக்கும், விமானியோ நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அப்படியே சுழன்று தரையில் மோதியவர்கள் ஏராளம். கைரோ என்ற வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்து உண்மையைக் காட்டும் கருவி, பார்வை இல்லாமல் பறக்கும் கலைக்கு அடித்தளமானது. ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் அதில் பெரிய பெயர் வாங்கியது.

கருவி செய்தவர்கள் அடுத்து ஆளையும் பழக்கலாம் என்று இறங்கினார்கள். 1935இல் லெஸ்டர்ஷயரில் டெஸ்ஃபோர்டு என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், விமானப்படைக்காக ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். படை பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. அடிப்படைப் பயிற்சியை இப்படித் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடுவது அப்போது பிரிட்டனில் வழக்கமாக இருந்தது.

ஆக, மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்பதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் செய்த விமானம் டெஸ்ஃபோர்டு. எனக்கு அதில் ஈடுபாடு வந்ததற்கு முதல் காரணமே இதுதான்.

அப்படியானால் விமானத்துக்கு ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்களா?

ஆமாம். போர்க்காலத்தில் அந்த விமானத்தளத்தில் வேலை நெருக்கியடித்தது. பயிற்சி ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் டிஃபையன்ட் போன்ற விமானங்களைப் பழுதுபார்த்து மாற்றியமைக்கும் வேலை. விக்கர்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபயர்களை ஒன்றுசேர்த்ததும் அங்கேதான். இன்று அந்த இடத்தில் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் மண்வெட்டி இயந்திரத் தொழிற்சாலை இருக்கிறது.

இதற்கு முன் அவர்கள் விமானம் எதுவும் செய்தார்களா?

ஒன்று செய்தார்கள். ஆர்.எஸ்.1. அதற்கு ஸ்னார்கேஷர் என்ற விநோதமான பெயர் ஒட்டிக்கொண்டது. 1939இல் பறந்தது. அதுவும் இரட்டை என்ஜின் பயிற்சி விமானம்தான், ஆனால் டெஸ்ஃபோர்டைவிட வலுவான ஜிப்ஸி சிக்ஸ் என்ஜின்கள். போர் வந்ததும் புதியவர்களுக்கு நேரம் கொடுக்க யாரும் தயாராக இல்லை, ஏற்கனவே உற்பத்தியில் இருந்தவற்றையே ஆயிரக்கணக்கில் செய்யச் சொன்னார்கள். ஸ்னார்கேஷர் நிறுவனத்தின் சொந்தப் போக்குவரத்துக்குப் பயன்பட்டது, 1944இல் கழித்துக்கட்டப்பட்டது. அதில் கற்ற பாடங்களோடுதான் டெஸ்ஃபோர்டு வந்தது.

பயிற்சிக்கு எதற்கு இரண்டு என்ஜின்? ஒன்று போதாதா?

முதல் பாடத்துக்கு ஒன்று போதும். டைகர் மாத் போன்ற ஒற்றை என்ஜின் விமானத்தில்தான் எல்லாரும் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த படியில்தான் பிரச்சினை வருகிறது. குண்டுவீச்சு விமானம், சரக்கு விமானம் ஓட்டப் போகிறவர் பல என்ஜின் விமானத்துக்கு மாற வேண்டும். அங்கே அவர் கற்க வேண்டிய முக்கியமான விஷயம், ஒரு என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது என்பது.

ஒற்றை என்ஜின் விமானத்தில் என்ஜின் நின்றால் கதை எளிது: சறுக்கிக்கொண்டு போய் எங்காவது இறங்க வேண்டும். இரட்டை என்ஜினில் ஒன்று நின்றால், மற்றது தன் பக்கத்தை மட்டும் முன்னே தள்ளும். விமானத்தின் மூக்கு செத்த என்ஜின் பக்கமாகத் திரும்பும், கூடவே அந்தப் பக்கம் சரியத் தொடங்கும். விமானி எதிர்க் காலால் ரட்டர் (வாலில் உள்ள, விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும் பலகை) மிதியை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். ரட்டருக்கு வலு, அதன் மேல் ஓடும் காற்றிலிருந்து வருகிறது. வேகம் ஒரு எல்லைக்குக் கீழே குறைந்துவிட்டால், காலை எவ்வளவு அழுத்தினாலும் ரட்டர் தாக்குப்பிடிக்காது. விமானம் புரண்டு தலைகீழாகிவிடும். தரையிலிருந்து கிளம்பிய அடுத்த நொடிகளில் இது நடந்தால் தப்பிப்பது மிகக் கடினம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டில் ஒரு என்ஜின் போனால் பாதி வலு போனது என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் மட்டமாகப் பறப்பதற்கே பெரும்பகுதி வலு செலவாகிவிடுகிறது, மேலே ஏறுவதற்கு மிஞ்சுவதுதான் உபரி. அந்த உபரி கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். காலும் கையும் தானாக வேலை செய்ய வேண்டும் என்றால் திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

பிரிட்டிஷ் விமானப்படை இந்தப் பாடத்துக்கு ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபோர்டைப் பயன்படுத்தியது. இறக்கை 53 அடிக்கும் மேல், ஒவ்வொன்றும் 350 குதிரைத்திறனை ஒட்டிய இரண்டு சீட்டா என்ஜின்கள், பலருக்கு இடமுள்ள கேபின். ஒரு மாணவனுக்கு மிதி அழுத்தக் கற்றுக்கொடுக்க இவ்வளவு பெரிய வண்டியும் இவ்வளவு பெட்ரோலும் தேவையா? டெஸ்ஃபோர்டு எழுப்பிய கேள்வி இதுதான். நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஜிப்ஸி மேஜரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு இருந்திருக்க முடியாது. ஃபிராங்க் ஹால்ஃபோர்டு வடிவமைத்த என்ஜின் அது. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் தலைகீழாகத் தொங்கும், காற்றாலேயே குளிரும். டைகர் மாத்தில் இருந்ததும் இதே என்ஜின்தான். அதனால் எந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் போனாலும் அதற்கான உதிரி பாகமும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார்கள். சிலிண்டர்கள் கீழ்நோக்கி இருப்பதால் என்ஜினின் மேல்பகுதி தாழ்வாக இருக்கும், பக்கவாட்டுப் பார்வையை அதிகம் மறைக்காது. பயிற்சி விமானத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மாணவரும் ஆசிரியரும் எப்படி உட்கார்ந்தார்கள்?

ஒருவர் பின் ஒருவராக. ஆக்ஸ்ஃபோர்டிலோ பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் நன்மை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தால் ஆசிரியர் மாணவனின் கையைப் பார்க்கலாம், சுட்டிக்காட்டலாம், ஓட்டுநர் பள்ளிக் காரில் நடப்பது போல. ஒருவர் பின் ஒருவர் என்றால் உடல் ஒடுங்கும், காற்றின் எதிர்ப்பு குறையும், சின்ன என்ஜினிலேயே நல்ல வேகம் கிடைக்கும். இரண்டு பக்கமும் சமமான பார்வை கிடைப்பதால், பின்னாளில் போர் விமானத்துக்குப் போகிறவருக்கும் இந்த அமைப்பு பழக்கமாகும்.

1945 ஜூலையில் போர் முழுசாக முடியவில்லையே. பிறகு எப்படி இதைப் போருக்குப் பிந்தைய விமானம் என்கிறீர்கள்?

சரியான கேள்வி. ஐரோப்பாவில் மே மாதமே ஜெர்மனி சரணடைந்துவிட்டது. ஜப்பானோடு சண்டை ஆகஸ்ட் வரை நீடித்தது. நடுவே உள்ள ஜூலையில் டெஸ்ஃபோர்டு பறந்தது. ஆனால் அது குறிவைத்தது சமாதான காலத்தை. விமானப்படை இனி சிக்கனமாக நடக்கும், பழைய பயிற்சி விமானங்களை மாற்றும், தனியார் பறக்கும் பள்ளிகள் மறுபடி திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் நிறுவனம் சொந்த முயற்சியில் செய்தது. அரசு கேட்டு, விவரக்குறிப்பு கொடுத்து, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன விமானம் இல்லை.

பிறகு ஏன் யாரும் வாங்கவில்லை?

இதுதான் எல்லாரும் கேட்பது. பதிலைப் பல பக்கமிருந்து சொல்ல வேண்டும்.

முதலில், இலவசத்தோடு போட்டி போட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டுகள் 8,500க்கும் மேல் செய்யப்பட்டிருந்தன. இன்னொரு இரட்டை என்ஜின் பயிற்சி விமானமான ஆவ்ரோ ஆன்சன்கள் 11,000 அளவில். போர் முடிந்தவுடன் இவற்றில் பெரும்பகுதி வேலையில்லாமல் நின்றது. ஏற்கனவே பணம் கொடுத்து வாங்கி, உதிரி பாகங்களும் கிடங்கு நிறைய இருக்கும்போது, எந்த நிதி அதிகாரி புதிய விமானத்துக்குக் கையெழுத்துப் போடுவார்? எரிபொருளில் மிச்சம் பிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும் மிச்சம். புதிய விமானத்தின் விலையோ உடனே கையிலிருந்து போகும். போரில் கடனாளியான பிரிட்டன் அப்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு 1954 வரை விமானப்படையில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தது, ஆட்கள் குறைந்துபோனார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான விமானிகளை வருடாவருடம் உருவாக்க வேண்டியிருந்தது. இப்போது இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புதிய மாணவர்களுக்குத் தேவை சுருங்கியது.

விமானப்படையின் சிந்தனையும் வேறு பாதையில் போனது. அடிப்படைப் பயிற்சிக்கு பெர்சிவல் பிரென்டிஸ், பிறகு சிப்மங்க், பெர்சிவல் பிரொவோஸ்ட் என்று ஒற்றை என்ஜின் விமானங்களே வந்தன. பல என்ஜின் பயிற்சிக்கு ஆக்ஸ்ஃபோர்டைவிடவும் பெரிய விக்கர்ஸ் வார்சிட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். வார்சிட்டி 1949இல் முதலில் பறந்தது, 1951இல் படையில் சேர்ந்தது. அதில் விமானிக்கு மட்டும் இல்லாமல் வழிகாட்டிக்கும் குண்டு குறிபார்ப்பவருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கலாம். ஒரு பெரிய குழுவை ஒரே விமானத்தில் பழக்குவது என்ற எண்ணத்துக்கு முன்னால், இரண்டு பேர் போகும் சின்ன விமானத்துக்கு இடமில்லாமல் போனது.

மரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். போரின்போது அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் மர விமானத்துக்கு மதிப்பு. போர் முடிந்ததும் உலோக உடல் என்பதே நவீனத்தின் அடையாளமாகிவிட்டது. வெயிலும் ஈரப்பதமும் மிகுந்த தொலைதேசத் தளங்களுக்கு அனுப்ப வேண்டிய விமானம், மரமாக இருந்தால் பசை விட்டுப்போகும் என்ற பயம் வேறு இருந்தது. அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு.

தனியார் பறக்கும் சங்கங்களாவது வாங்கியிருக்கலாமே?

அவர்களுக்கு மைல்ஸ் ஜெமினி கிடைத்துவிட்டது. அதே 1945 அக்டோபரில் பறந்த, அதுவும் மரத்தால் ஆன, சின்ன இரட்டை என்ஜின் விமானம். நான்கு பேர் ஒரே கேபினில் உட்கார்ந்து போகலாம். தனியார் விமானம் வாங்கும் ஒருவர் குடும்பத்தோடு போகத்தான் பார்ப்பார், பின்னால் ஒரு ஆசிரியரை உட்காரவைத்துக்கொள்ள இல்லை. ஜெமினி 170 அளவில் விற்றது. அந்தக் கால பிரிட்டனில் அது நல்ல விற்பனை. இரட்டை என்ஜின் இலகு விமானத்துக்குச் சந்தையே இல்லை என்று யாராவது சொன்னால், ஜெமினியைக் காட்டலாம். சந்தை இருந்தது, அது பயிற்சி விமானத்தைத் தேடவில்லை.

அந்தக் காலத்தில் இப்படி நின்றுபோனது இது மட்டும்தானா?

இல்லை, ஒரு வரிசையே உண்டு. ஃபேரி பிரைமர் என்று ஒன்று: பெல்ஜியத்தில் போருக்கு முன் வடிவமைத்த டிப்ஸி எம் விமானத்திலிருந்து வந்தது, இரண்டே செய்தார்கள், சிப்மங்கிடம் தோற்றது. ஹேண்ட்லி பேஜின் எச்.பி.ஆர்.2 என்று இன்னொன்று, அதுவும் இரண்டு, அது பிரொவோஸ்டிடம் தோற்றது. ஆனால் இவை இரண்டும் போட்டியில் கலந்துகொண்டு தோற்றவை. டெஸ்ஃபோர்டுக்கு அப்படி மோதிப் பார்க்க ஒரு போட்டியே நடத்தப்படவில்லை. அந்த வகையில் அதன் நிலைமை இன்னும் பரிதாபம்.

அது வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா?

நடக்காததைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படையின் முக்கிய ஜெட் போர் விமானம் மீட்டியோர். அதன் இரண்டு என்ஜின்களும் இறக்கையில் நன்றாகத் தள்ளித் தள்ளி இருந்தன. ஒன்று நின்றால் மூக்கு திரும்பும் வேகம் பயங்கரம், ரட்டரைப் பிடிக்கக் காலில் பெரிய பலம் வேண்டும். ஒரு என்ஜினில் தரையிறங்கிப் பழகும்போதே இளம் விமானிகள் பலர் இறந்தார்கள். உண்மையில் என்ஜின் பழுதாகி இறந்தவர்களைவிட இந்தப் பயிற்சியில் இறந்தவர்கள் அதிகம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் பலர் ஒற்றை என்ஜின் விமானத்தில் பழகிவிட்டு நேரே மீட்டியோருக்கு வந்தவர்கள். நடுவில் மெதுவான, மன்னிக்கும் குணமுள்ள ஒரு சின்ன இரட்டை என்ஜினில் சில வாரங்கள் பழகியிருந்தால் சிலராவது பிழைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

ஆர்டர் வராத விமானத்தை என்ன செய்தார்கள்?

சில ஆண்டுகள் நிறுவனத்திடமே இருந்தது. 1949இல் அரசு அதை வாங்கியது. பயிற்சிக்காக இல்லை, ஒரு விசித்திரமான ஆராய்ச்சிக்காக. முன்பகுதியை நீட்டி, கண்ணாடி போட்டு, உள்ளே ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு விமானத்தை ஓட்டும்படி மாற்றினார்கள். மாற்றிய விமானத்துக்கு ஆர்.எஸ்.4 என்று எண், பாப்ஸ்லே என்று பெயர். பனிச்சரிவில் படுவேகமாகச் சறுக்கிப் போகும் பந்தய வண்டியின் பெயர் அது. 1951 ஜூன் 13இல் இந்தப் புதிய வடிவில் பறந்தது.

படுத்துக்கொண்டு எதற்கு விமானம் ஓட்ட வேண்டும்?

ரத்தம்தான் காரணம். விமானம் வேகமாக வளைந்து திரும்பும்போதும், பாய்ச்சலிலிருந்து மேலே நிமிரும்போதும், உடல் இருக்கையோடு அழுத்தப்படுகிறது. நம் எடையைப்போல் நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று உணர்வோம். நான்கு மடங்கை 4 ஜி என்பார்கள். ரத்தத்துக்கும் அந்த எடை வந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் மூளைக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. உயரம். அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, சாதாரண நிலையில் 22 மி.மீ. பாதரசம் அளவுக்கு அழுத்தம் செலவாகிறது. 5 ஜி என்றால் அது 110 ஆகிவிடும். ஆரோக்கியமான இதயம் தள்ளும் அழுத்தமே 120ஐ ஒட்டியதுதான். மேலே போய்ச் சேர மிச்சம் ஒன்றும் இல்லை. முதலில் கண்ணுக்குள் ரத்தம் போவது நிற்கும்: ஓரங்கள் மங்கி, நிறம் வெளுத்து, பிறகு எல்லாம் இருட்டு. அதற்குப் பிறகும் விடாமல் இழுத்தால் நினைவே போய்விடும்.

குப்புறப் படுத்துவிட்டால் இதயமும் மூளையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். ஏற்ற வேண்டிய உயரமே இல்லை. உட்கார்ந்தவர் மயங்கும் விசையைப் படுத்தவர் தாங்குவார். கூடவே உடலின் உயரம் குறைவதால் விமானத்தின் முகப்பு ஒல்லியாகும், அதிவேக விமானங்களுக்கு அது நல்லது.

இந்தச் சின்ன என்ஜினில் அவ்வளவு விசை வருமா?

வராது. பாப்ஸ்லேயில் தேடியது அதை இல்லை. படுத்த நிலையில் ஒரு விமானி சாதாரணமாகவே விமானத்தைக் கட்டுப்படுத்த முடியுமா, எழும்பவும் இறங்கவும் முடியுமா, பார்வை எப்படி, கழுத்தும் தோளும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு மெதுவான, அடக்கமான, இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானம்தான் வேண்டும். மூக்கில் வேறு ஒருவர் படுப்பதற்கு இடமும் வேண்டும். ஒற்றை என்ஜின் விமானத்தில் மூக்கில் என்ஜின் உட்கார்ந்திருக்கும். டெஸ்ஃபோர்டில் என்ஜின்கள் இறக்கையில், மூக்கு காலி.

மூக்கில் சோதனை விமானி படுத்திருப்பார். பின்னால் வழக்கமான காக்பிட்டில் இன்னொரு விமானி உட்கார்ந்திருப்பார், ஏதாவது கோளாறு என்றால் அவர் கைக்கு எடுத்துக்கொள்வார். அரசின் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்த ஃபார்ன்பரோவில் இந்தச் சோதனைகள் நடந்தன. பயிற்சி விமானமாகப் பிறந்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது.

இது அவர்களுக்கு முதலில் தோன்றிய யோசனையா?

இல்லவே இல்லை. 1903 டிசம்பர் 17இல் ஆர்வில் ரைட் பறந்ததே கீழ் இறக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான். அவர் படுத்தது காற்றின் எதிர்ப்பைக் குறைக்க. 1943இல் ஜெர்மனியில் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியின் பறக்கும் குழு, பி9 என்ற சின்ன இரட்டை என்ஜின் மர விமானத்தை இதே விசை ஆராய்ச்சிக்காகச் செய்தது. டெஸ்ஃபோர்டின் மாற்று வடிவத்துக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பானது. அமெரிக்காவில் நார்த்ராப் எக்ஸ்பி-79பி என்ற படுக்கை விமானம் 1945 செப்டம்பர் 12இல் தன் முதல் பயணத்திலேயே விழுந்து, விமானி ஹாரி கிராஸ்பி இறந்தார்.

பிறகு ஏன் இன்று யாரும் படுத்துக்கொண்டு ஓட்டுவதில்லை?

பாப்ஸ்லேக்குப் பிறகு பிரிட்டன் ஒரு மீட்டியோரையே இப்படி மாற்றிப் பார்த்தது. டபிள்யூகே935 என்ற அந்த விமானம் 1954 பிப்ரவரியில் பறந்தது. படுத்து ஓட்ட முடியும் என்பது உறுதியானது. ஆனால் வசதி இல்லை. தலையைத் தூக்கி வைத்திருப்பதில் கழுத்து வலிக்கும், பின்னால் திரும்பிப் பார்க்கவே முடியாது. போர் விமானிக்கு அது பெரிய குறை. ஆபத்தில் வெளியே குதிப்பதும் சிக்கல்.

அதற்குள் ஜி-சூட் தேறிவிட்டது. கால்களையும் வயிற்றையும் காற்றுப் பைகளால் இறுக்கி, ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் உடை. உட்கார்ந்தபடியே வேலை முடிகிறது என்றால் யார் படுப்பார்கள்? யோசனை கைவிடப்பட்டது.

ஒரே விமானத்துக்கு ஏன் பல எண்கள்?

தனியாரிடம் இருந்தபோது ஜி-ஏஜிஓஎஸ். அரசு வாங்கியபின் இராணுவ எண் விஇசட்728. சோதனைகள் முடிந்து மறுபடி தனியாருக்கு விற்றபோது பழைய ஜி-ஏஜிஓஎஸ். எல்லாம் ஒரே விமானம்தான், குழம்ப வேண்டாம்.

சோதனைக்குப் பிறகும் பறந்ததா?

பறந்தது, நல்ல சம்பாத்தியத்தோடு! படுத்து ஓட்டுவதற்காகப் போட்ட கண்ணாடி மூக்கு, வானிலிருந்து படம் எடுப்பவர்களுக்கு மிகவும் வசதியாகப் போனது. முன்னால் இறக்கையும் என்ஜினும் மறைக்காமல் முழுப் பார்வை. வான்வழிப் படப்பிடிப்பிலும் நில அளவைப் படங்களிலும் அது பல ஆண்டுகள் உழைத்தது. பிறகு ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராதாலன் விமானத் தொகுப்புக்குப் போய், கடைசியில் தான் பிறந்த லெஸ்டர்ஷயரின் அருங்காட்சியகத் துறை கைக்கே வந்தது.

ரீட் அண்ட் சிக்ரிஸ்ட் அதற்குப் பின் விமானம் செய்ததா?

இல்லை. ஆனால் கேமரா சேகரிப்பவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். போருக்குப் பின் ஜெர்மன் காப்புரிமைகள் செல்லாது என்றானதும், ஜெர்மனியின் லைக்கா கேமராவைப் பின்பற்றி ரீட் என்ற கேமராவை லெஸ்டரில் செய்தார்கள். லென்ஸ் அதே ஊரின் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனத்தினுடையது. நுணுக்கமான கருவி செய்து பழகிய கைகள் என்பதால் தரம் அபாரம், இன்றும் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள்.

டெஸ்ஃபோர்டை இன்று பார்க்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், வின்த்ராப்பில் உள்ள நியூவார்க் விமான அருங்காட்சியகத்தில் லெஸ்டர்ஷயர் நிர்வாகம் இதைக் கடனாகக் கொடுத்து வைத்திருக்கிறது. அப்பக்கம் போகிறவர்கள், மூக்கில் ஒருவர் படுக்கக் கிடைத்த இடம் எவ்வளவு குறுகல் என்பதைக் கிட்டே நின்று பாருங்கள், அங்கே படுத்தபடி தரையிறங்கியவரின் துணிச்சல் அப்போதுதான் புரியும். படுக்கை மீட்டியோரையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால், அது ஷ்ராப்ஷயரின் காஸ்ஃபோர்டில், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் உள்ளது. இரண்டு ஊர்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இல்லை. கிளம்புவதற்கு முன் இரண்டு அருங்காட்சியகங்களிலும் அந்த விமானங்கள் அப்போது காட்சியில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் விமானங்களை அவ்வப்போது இடம் மாற்றுவது வழக்கம்.